மூளைக்குள் ஒரு பங்குச் சந்தை

பத்தில் ஒன்பது பேர் தோற்கும் பேரம் இது என்று அரசு அமைப்பே சொல்லிவிட்டது. ஆனாலும் தோற்றவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். காரணம் சார்ட்டில் இல்லை. தலைக்குள் சுரக்கும் ரசாயனங்களில் இருக்கிறது.

காலை மணி 9.15. மும்பைப் பங்குச் சந்தைகள் திறக்கும் நேரம். புனேயின் கோர்படியில் அது வேலைக்குக் கிளம்பும் நேரம். ஒரு பக்கம் ரயில் பாதைகளும் டீசல் லோகோ ஷெட்டும், இன்னொரு பக்கம் ராணுவக் குடியிருப்புகள். ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டை இது. அந்தத் தாத்தாக்களுக்குச் சேமிப்பு என்றால் பிராவிடண்ட் ஃபண்ட், தபாலாபீஸ் கணக்கு, சீட்டு, மனைவி கழுத்தில் கொஞ்சம் நகை. பேரன்களுக்கு எல்லாமே சட்டைப் பையில் இருக்கும் மொபைல்தான். மகர்பட்டாவிலோ கராடியிலோ உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நிஃப்டி ஆப்ஷனில் ஒரு லாட் வாங்கலாம். அலுவலக வாசல் வருவதற்குள் விற்றும் விடலாம். இடையில் கரைந்தது மாதச் சம்பளத்தில் பாதியாகவும் இருக்கலாம்.

இது கோர்படியின் கதை மட்டுமல்ல. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பேரங்களில் இறங்கிய தனிநபர்கள் பற்றியது அது. பங்கையே வாங்காமல், விலை ஏறுமா இறங்குமா என்பதன் மேல் போடும் ஒப்பந்தங்கள் இவை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இப்படிப் பேரம் செய்த 1 கோடிக்கும் அதிகமானோரில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஒருவருக்குச் சராசரியாக சுமார் ரூ. 2 லட்சம். மொத்தம் ரூ. 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2024-25இல் மட்டும் இன்னும் ரூ. 1.05 லட்சம் கோடி போனது. அந்த ஆண்டும் தோற்றவர்கள் 91 சதவீதம்.

இழந்தவர்கள் பணக்காரர்கள் அல்ல. 2023-24இல் இந்தப் பேரங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 75 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆண்டு வருமானம் ரூ. 5 லட்சத்துக்கும் குறைவு என்று கணக்குக் காட்டியவர்கள். 43 சதவீதம் பேர் 30 வயதுகூட ஆகாதவர்கள்.

ஆய்வில் திடுக்கிட வைக்கும் எண் வேறொன்று. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மூன்றாவது ஆண்டும் பேரத்தைத் தொடர்ந்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பது பழமொழி. இந்தப் பூனைகள் அண்டுகின்றன. ஏன்?

எதிர்பார்ப்பின் போதை

முதல் விடை, டோபமின். இதை இன்பத்தின் ரசாயனம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்து நடத்திய சோதனைகள் மீதி உண்மையைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் டோபமின் செல்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகே சாறு வரும் என்று பழகியதும், சாற்றுக்குத் துடிப்பு இல்லை, விளக்குக்குத்தான். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு சட்டென்று தணிந்தது. அதாவது, டோபமின் அளப்பது கிடைத்ததை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. இந்த ஆராய்ச்சிக்காக ஷுல்ட்ஸ் இன்னும் இருவருடன் 2017இல் பிரெயின் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பங்கு வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அவரது குழு 2003இல் வெளியிட்ட முடிவை. சாறு நிச்சயம் வரும் என்றால் காத்திருக்கும் நேரத்தில் அந்த செல்கள் அமைதியாக இருந்தன. நிச்சயம் வராது என்றாலும் அப்படியே. வரலாம், வராமலும் போகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்ற நிலையில்தான் காத்திருக்கும் நேரம் முழுக்கத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. போதை லாபத்தில் இல்லை. லாபம் வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிமிடங்களில் இருக்கிறது. ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளின் பிற்பகல் அப்படிப்பட்ட நிமிடங்களால் ஆனது.

இந்த ரசாயனத்தின் வலிமைக்கு மருத்துவமே சாட்சி. பார்க்கின்சன் நோய்க்கு, டோபமினைப் போலச் செயல்படும் சில மருந்துகள் தரப்படுகின்றன. சூதாட்டப் பழக்கமே இல்லாத சில நோயாளிகள் இவற்றைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு தீவிர சூதாடிகளாக மாறியதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் அந்த வெறி அடங்கியது. அவர்களின் ஒழுக்கமோ அறிவோ மாறவில்லை. மாறியது மாத்திரை.

பங்கு பேரம் சட்டப்படி சூதாட்டம் அல்ல. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025இல் தடை செய்தது. இரண்டும் பங்குச் சந்தையைத் தொடவில்லை. தொட வேண்டியதும் இல்லை. கம்பெனிகளுக்கு மூலதனம் திரட்டித் தரும் சந்தை அது. ஆனால் சட்டம் போடும் கோடு மூளைக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் முடிவு தெரியும் ஆப்ஷனும் சீட்டுக்கட்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

வலியின் கணக்கு

இரண்டாவது விடை, இழப்பின் வலி. 1979இல் டேனியல் கானமன், ஆமோஸ் டிவர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஓர் உண்மையை முன்வைத்தார்கள். ஒரே தொகை லாபமாக வரும்போது தரும் மகிழ்ச்சியைவிட, நஷ்டமாகப் போகும்போது தரும் வலி பெரிது. பிந்தைய ஆய்வுகளில் இது சுமார் இரண்டு மடங்கு என்று கணக்கிடப்பட்டது. கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

இந்த வலி ஆளைப் பாடாய்ப் படுத்துகிறது. 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 110 ஆனதும் கை பரபரக்கிறது. வந்த லாபம் போய்விடுமோ என்று விற்கிறார். 80 ஆனாலோ விற்பதில்லை. விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும், விற்காதவரை அது வெறும் எண். மேலும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கிறார். மார்க்கெட் பாஷையில் இதற்கு 'ஆவரேஜ் பண்றது' என்று பெயர். நல்ல கம்பெனியில் நீண்டகாலம் முதலீடு செய்பவருக்கு இது சில சமயம் பலிக்கலாம். அன்று மாலையே காலாவதியாகும் ஆப்ஷனில் இது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை.

அமெரிக்கப் பேராசிரியர் டெரன்ஸ் ஓடீன் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் 10,000 கணக்குகளை அலசி 1998இல் இதை நிரூபித்தார். மக்கள் லாபத்தில் இருந்த பங்குகளை அவசரப்பட்டு விற்றார்கள். நஷ்டத்தில் இருந்தவற்றைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். விற்ற பங்குகள், வைத்துக்கொண்ட பங்குகளைவிட அடுத்த ஆண்டில் நன்றாக ஏறின. பிராட் பார்பருடன் சேர்ந்து 2000இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தது. மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். துடிப்பான கைகள்தான் அதிகம் இழந்தன.

இந்தியாவிலும் அதே கதை. ஒரே நாளில் பங்குகளை வாங்கி விற்பவர்கள் பற்றி செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில் 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் பேரம் செய்தவர்களை மட்டும் எடுத்தால், பத்தில் எட்டுப் பேர்.

லண்டன் எச்சில் சோதனை

மூன்றாவது விடை ரத்தத்தில் ஓடுகிறது. ஜான் கோட்ஸ் ஒரு காலத்தில் வால் ஸ்டிரீட்டில் டிரேடர். பிறகு கேம்பிரிட்ஜில் நரம்பியல் ஆய்வாளரானார். அவரும் ஜோ ஹெர்பர்ட்டும் லண்டனில் தொழில்முறை டிரேடர்கள் 17 பேரின் எச்சிலை எட்டு வேலை நாட்கள் தொடர்ந்து சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். காலையில் டெஸ்ட்டோஸ்டிரோன் அதிகமாக இருந்த நாட்களில் அவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். பதற்றத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் உயர்ந்தது நஷ்டத்தால் அல்ல, நிச்சயமின்மையால். விலைகள் தாறுமாறாக ஆடும்போது அது ஏறியது. வெற்றி மேல் வெற்றி வரும்போது டெஸ்ட்டோஸ்டிரோன் துணிவை அசட்டுத் துணிவாக்கும் என்பது கோட்ஸின் வாதம்.

2014இல் அவரது குழு இன்னொரு சோதனையை வெளியிட்டது. சாதாரண ஆட்களுக்கு மருந்து மூலம் கார்ட்டிசாலை உயர்த்திப் பார்த்தார்கள். சில மணி நேரம் உயர்ந்ததில் பெரிய மாற்றமில்லை. எட்டு நாட்கள் நீடித்தபோது, சின்ன ரிஸ்க்கைக்கூட எடுக்க அஞ்சினார்கள். பீதி காலத்தில் கூட்டம் கூட்டமாக எல்லோரும் விற்று ஓடுவதற்கு உடம்பே ஒரு காரணம்.

2024 ஜூன் முதல் வாரத்தை நினைத்துப் பார்த்தால் போதும். தேர்தல் கருத்துக் கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் எகிறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 4,390 புள்ளிகள் சரிந்தது. ஜூன் 7 அன்று 3ஆம் தேதியின் உயரத்தையும் தாண்டி முடிந்தது. அந்த ஐந்து நாட்களில் இந்தியக் கம்பெனிகளின் தொழிற்சாலைகளில் எதுவும் மாறிவிடவில்லை. திங்களன்று ஆசையில் வாங்கி, செவ்வாயன்று பயத்தில் விற்றவருக்கு மட்டும் வாழ்க்கை மாறியிருக்கும்.

அப்படியானால் உணர்ச்சியே ஆகாதா? அவசரப்படக் கூடாது. 80 டே டிரேடர்களை வைத்து ஆண்ட்ரூ லோ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், லாப நஷ்டங்களுக்கு மிகத் தீவிரமாக உணர்ச்சிவசப்பட்டவர்களே மோசமாகத் தோற்றார்கள். ஆனால் 2016இல் லண்டனில் நடந்த ஆய்வு வேறொன்றையும் சொன்னது. தன் இதயத் துடிப்பை, நாடி பிடிக்காமலே சரியாக எண்ணத் தெரிந்த டிரேடர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். தொழிலில் அதிக ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். உணர்ச்சியை மறுப்பவர் அல்ல, உடம்பு சொல்வதைக் கவனிக்கத் தெரிந்தவர்தான் தேறுகிறார்.

கேட் மூட வேண்டிய நேரம்

கோர்படிவாசிகள் ரயில்வே கேட்டில் நின்று அலுத்தவர்கள். திட்டிக்கொண்டே நிற்பார்கள். ஆனால் ரயில் வருகிறதா, கடந்துவிடலாமா என்ற முடிவை அவசரத்தில் இருக்கும் ஸ்கூட்டர்காரரிடம் விடக் கூடாது என்பதால்தான் கேட் இருக்கிறது. பங்குச் சந்தைக்கும் அப்படியொரு கேட் உண்டு. குறியீட்டெண் 10, 15, 20 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ நாடு முழுவதும் வியாபாரத்தை நிறுத்தும் ஏற்பாடு 2001 ஜூலையில் வந்தது.

2020 மார்ச் 13 அன்று கொரோனா பீதியில் சந்தை திறந்த சில நிமிடங்களில் 10 சதவீதம் விழ, வியாபாரம் 45 நிமிடம் நின்றது. மறுபடி திறந்ததும் மீண்டது. மாலையில் சென்செக்ஸ் 1,325 புள்ளிகள் லாபத்தில் முடிந்தது. பத்தே நாளில், மார்ச் 23 அன்று, மறுபடி கேட் மூடப்பட்டது. இந்தத் தடவை பலனில்லை. அன்றைய வீழ்ச்சி 3,935 புள்ளிகள். இடைவெளி விலையைக் காப்பாற்றும் என்ற உத்தரவாதம் இல்லை. யோசிக்க நேரம் தரும், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் தனிநபருக்கும் இயல்பாகவே கேட்கள் இருந்தன. புனேவுக்கு 1982இல் சொந்தமாக ஒரு பங்குச் சந்தை கிடைத்தது. பங்கு வாங்க புரோக்கரைத் தேடிப் போக வேண்டும், காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பணமும் பத்திரமும் கைமாற நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் எரிச்சலூட்டியது. ஆனால் மூளை தணியவும் அவகாசம் தந்தது. புனே பங்குச் சந்தை 2015இல் மூடப்பட்டது. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2025இல் 20 கோடியைத் தாண்டின. ஆசைக்கும் ஆர்டருக்கும் நடுவே இப்போது ஒரு கட்டைவிரல்தான்.

செபி சில கேட்களைப் போட்டுப் பார்க்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கையை 2023 ஜூலை முதல் புரோக்கர்கள் திரையில் காட்ட வேண்டும். 2024 அக்டோபரில் அறிவித்த விதிகளின்படி, ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு ரூ. 15 லட்சமாக உயர்ந்தது. ஒவ்வொரு சந்தையிலும் ஒரே ஒரு குறியீட்டெண்ணுக்கு மட்டும் வாராந்தர ஒப்பந்தம் என்றானது. மீதி கேட்டை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சொந்த கேட்: ஆறு வழிகள்

* இன்று இவ்வளவுக்கு மேல் இழப்பதில்லை என்ற தொகையை சந்தை திறக்கும் முன்பே எழுதி வையுங்கள். அதைத் தொட்டதும் அன்றைய கடை மூடல். சில புரோக்கர்களின் செயலியில், சில மணி நேரத்துக்குக் கணக்கைத் தானே பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு.

* இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்ற ஸ்டாப் லாஸ் உத்தரவை வாங்கும்போதே கம்ப்யூட்டரில் போடுங்கள். மனசுக்குள் போடும் ஸ்டாப் லாஸ் வலி வந்ததும் நகர்ந்துவிடும்.

* கடன் பணம், வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் ஆகியவை இந்தப் பக்கம் வரக் கூடாது. இழந்தால் தூக்கம் கெடும் என்ற தொகை அதிகமான தொகை.

* சரியாகத் தூங்காத மறுநாள் பேரம் வேண்டாம். தூக்கம் இழந்தவர்கள் லாபத்தின் மேல் கண்ணாகவும், நஷ்டத்துக்கு மரத்துப் போயும் முடிவெடுப்பதை, வினோத் வெங்கட்ராமன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

* ஒரு பேரத்தை ஒரு பெரிய தொகுப்பின் சின்னப் பகுதியாகப் பாருங்கள். இப்படிப் பார்க்கச் சொன்னபோது, இழப்பின் மீதான அச்சமும் கை வேர்ப்பதும் குறைந்ததை 2009இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

* விலையை மட்டுமல்ல, அந்த நேரத்தில் நெஞ்சு படபடத்ததா, யார்மேல் எரிந்து விழுந்தீர்கள் என்பதையும் டைரியில் எழுதுங்கள்.

விட்ட பணத்தைப் பிடிக்கத் தொகையைக் கூட்டுவது, வீட்டில் பொய் சொல்வது, கடன் வாங்கி ஆடுவது, நிறுத்த முயன்று முடியாமல் தவிப்பது ஆகியவை சூதாட்ட நோய்க்கு மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைப் போதைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. கோர்படியிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் யெரவடாவில், 1986இல் தொடங்கிய முக்தாங்கண் போதை மறுவாழ்வு மையம் இருக்கிறது. குடியை விட நினைப்பவருக்கு இப்படிப்பட்ட இடங்களில் சொல்லப்படும் அடிப்படைப் பாடம், கடைக்குள் போய் மன உறுதியைச் சோதிக்காதே, அந்தத் தெருவுக்கே போகாதே என்பதுதான். மொபைலில் இருக்கும் செயலிக்கும் அது பொருந்தும். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

அமைதி போதுமா?

உணர்ச்சியைக் கட்டுப்படுத்தினால் லட்சங்கள் கொட்டும் என்று வகுப்பு நடத்துபவர்கள் பெருகிவிட்டார்கள். இங்கேதான் உஷார் தேவை. 2023 அக்டோபரில், இணையத்தில் பிரபலமான ஒரு பங்கு 'குரு'வைச் சந்தையிலிருந்து செபி விலக்கிவைத்தது. பாடம் என்ற பெயரில் வசூலித்த சுமார் ரூ. 17 கோடியை ஒப்படைக்கச் சொன்னது. இரண்டரை ஆண்டுகளில் அவரே பேரங்களில் சுமார் ரூ. 3 கோடி இழந்திருந்தது செபியின் விசாரணையில் தெரியவந்தது.

அமெரிக்க ஆய்வு ஒன்று இதை விளக்கும். மூளையில் உணர்ச்சிப் பகுதிகள் சேதமடைந்த நோயாளிகளையும் சாதாரண ஆட்களையும் 20 சுற்று பூவா தலையா ஆட வைத்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். பந்தயம் ஒரு டாலர். தோற்றால் அது போகும். ஜெயித்தால் இரண்டரை டாலர் வரும். சாதாரண ஆட்கள் ஒரு முறை தோற்றதும் பயந்து ஒதுங்கினார்கள். பயம் தெரியாத நோயாளிகள் தொடர்ந்து ஆடி அதிகம் சம்பாதித்தார்கள். ஆக, உணர்ச்சியற்றவன் ஜெயிப்பான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த ஆட்டமே ஆடுபவருக்குச் சாதகமாக அமைக்கப்பட்டது. பாதகமான ஆட்டத்தில் அதே அச்சமின்மை இன்னும் வேகமாகக் கையைக் காலியாக்கும்.

தனிநபருக்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எந்த வகை ஆட்டம்? 2023-24இல் புரோக்கர் நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்கில் செய்த பேரங்களில், செலவுகளைக் கழிக்கும் முன், ரூ. 33,000 கோடி லாபம் பார்த்தன. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ரூ. 28,000 கோடி. இந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் தாமே செய்த பேரங்களில் வந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதற்கு டோபமின் கிடையாது, கார்ட்டிசால் கிடையாது, தூக்கமும் வராது. போதாக்குறைக்கு, அந்த ஆண்டில் தரகு, வரி, கட்டணம் என ஒரு தனிநபர் சராசரியாகக் கட்டியது ரூ. 26,000. எல்லாம் போக, மூன்று ஆண்டுகளில் ரூ. 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூறில் ஒருவர்தான்.

மனதை அடக்கும் பயிற்சி வீண் இல்லை. இழப்பை அது குறைக்கும். நீண்டகால முதலீட்டாளர் ஒரு சரிவில் பதறி விற்றுவிடாமல் காக்கும். ஆனால் பாதகமான ஆட்டத்தை அது சாதகமாக்காது. அமைதியான மனம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, அடுத்த ஆர்டரைச் சரியாகப் போடுவது அல்ல. இந்த ஆட்டம் தனக்குத் தேவையா என்று கேட்பது. அந்தக் கேள்விக்குரிய விடை புரோக்கர் தரும் ஆண்டு லாப நஷ்டக் கணக்கில், செலவுகளைக் கழித்த கடைசி வரியில் இருக்கிறது. அதைப் பார்க்கத் தோதான நேரம், சந்தை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ இருந்தால் இன்னும் நல்லது.